அங்கோர் கோயில் சுற்றுலா: சாப்பாட்டில் நிறைவு, வரலாற்றில் குறை

மயிலாப்பூரில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு சுற்றுலா நிறுவனம் கம்போடியாவுக்கு நடத்தும் அங்கோர் கோயில் பயணத்தில் அண்மையில் குடும்பத்துடன் கலந்துகொண்டேன். ஏற்பாடுகளில் பெரிய குறை இல்லை. பாங்காக்கில் விமானம் மாறும்போது முதியவர்களைக் கூடவே இருந்து அழைத்துச் சென்றார்கள். உடன் வந்த சமையற்காரர் காலையில் இட்லியும் இரவில் ரசஞ்சாதமும் தவறாமல் போட்டார். எல்லாச் செலவும் உட்பட என்று விளம்பரம் செய்துவிட்டு, கோயில்களுக்கான 3 நாள் நுழைவுச்சீட்டின் 62 டாலரை அங்கே போனபின் தனியாகக் கேட்டதுதான் உறுத்தியது.

வழிகாட்டி நல்ல பேச்சாளர். அங்கோர் வாட்டின் கிழக்குச் சுற்றில் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குச் செதுக்கியுள்ள பாற்கடல் கடையும் காட்சியை விளக்கியபோது, வாசுகியை இழுக்கும் தேவரோடும் அசுரரோடும் நிறுத்திக்கொள்ளாமல், மந்தர மலையின் அருகே நீரின் சுழற்சியில் துண்டுதுண்டாக அறுபடும் மீன்களையும் டார்ச் அடித்துக் காட்டினார். தனியாகப் போயிருந்தால் அவை என் கண்ணில் பட்டிருக்காது.

அதே மூச்சில், இக்கோயிலைக் கட்டியவன் தமிழ் மன்னன் என்றும் அடித்துச் சொன்னார். வாட்ஸ்அப்பில் இலவசமாகக் கிடைக்கும் கதையைக் கேட்க இவ்வளவு பணம் கட்ட வேண்டியதில்லை. 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இதைத் திருமாலுக்கு எடுத்த இரண்டாம் சூர்யவர்மன், கம்போடியாவை ஆண்ட கெமர் அரசன். பெயர் வர்மன் என்று முடிவதாலேயே ஒருவன் பல்லவனாகிவிட மாட்டான். முதலாம் குலோத்துங்க சோழனுக்குக் காம்போஜ அரசன், அதாவது கெமர் அரசன், அளித்த ஒரு கல் தில்லைக் கோயிலில் பதிக்கப்பட்டதை அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. கையில் இப்படியொரு சான்று இருக்கையில் கற்பனை எதற்கு?

பயணத் திட்டத்தின் பெரும்பிழை பந்தியாய் ஸ்ரீ கோயிலைக் காட்டிய விதம். இரண்டாம் இராஜேந்திரவர்மன் காலத்தில், அரசன் அல்லாத யக்ஞவராகர் என்ற அந்தணர் எடுத்து, 967இல் குடமுழுக்குக் கண்ட சிவாலயம் இது. அளவில் சிறியது என்றாலும், இளஞ்சிவப்பு மணற்கல்லில் சந்தனக்கட்டையைக் குடைந்தாற்போன்ற வேலைப்பாடு. கெமர் சிற்பிகளின் கை இவ்வளவு நுணுக்கமாக வேறெங்கும் இறங்கியதில்லை என்பது என் எண்ணம். வாயில் முகப்பொன்றில் ஆடும் சிவனின் காலடியில், வற்றிய மார்பும் ஒட்டிய உடலுமாக ஒரு பெண் உருவம் அமர்ந்திருக்கிறது. காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் காணும் அந்த உருவத்தைத் தமிழர் குழுவுக்குக் காட்டாமல் வேறு யாருக்குக் காட்டுவது? வழிகாட்டி அதைக் கடந்து போய்விட்டார். நானே சிலரை நிறுத்திக் காட்டிக்கொண்டிருக்கும்போது வண்டி புறப்படுகிறது என்று அழைப்பு வந்தது. கிழக்கு நோக்கிய அந்தக் கோயிலுக்குக் காலை வெயிலில் போயிருக்க வேண்டும். மதியச் சாப்பாடு முடித்துச் சென்றதில் பல சிற்பங்கள் நிழலில் மங்கிக் கிடந்தன.

மிச்சம் பிடித்த நேரமெல்லாம் தா புரோமில் மரவேர்களின் முன் படம் எடுப்பதில் போயிற்று. ஏழாம் ஜெயவர்மன் தன் தாயின் நினைவாக 1186இல் நிறுவிய பௌத்தக் கோயில் அது. அங்கே 615 ஆடல் மகளிர் இருந்ததாக அதன் கல்வெட்டு குறிக்கிறது; நம் இந்தியத் தொல்லியல் துறையே அங்கு சீரமைப்புப் பணி செய்திருக்கிறது. இவற்றில் ஒரு சொல்கூட எங்கள் காதில் விழவில்லை. பாயோன் கோயிலின் முகக் கோபுரங்களையும் ஓட்டமாகவே பார்த்தோம்.

முதியவர்களோடு போகிறவர்களுக்கு இந்த நிறுவனத்தைத் தயங்காமல் சொல்வேன். சிற்பம் பார்க்கப் போகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே, பந்தியாய் ஸ்ரீக்குக் காலைப் பொழுதை ஒதுக்கும்படி எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கோர் வாட்டின் உச்சி மாடத்துக்கு ஏறும் படிகள் மிகச் செங்குத்தானவை என்பதையும், பௌத்த விரத நாட்களில் அதை மூடிவிடுவார்கள் என்பதையும் அலுவலகத்தில் சொல்ல மாட்டார்கள். தேதியைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.