‘ஆசிட்’டா, ‘ஹார்லெம் ரிவர் டிரைவ்’வா?

கியூபா, போர்ட்டோ ரிக்கோ வழி வந்த நடனத் தாளமும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் பாட்டும் கலந்தது லத்தீன் சோல். அதைக் கேட்கத் தொடங்குகிறவர் கைக்கு முதலில் வந்து சேரும் இசைத்தட்டு பெரும்பாலும் கோங்கா வாத்தியக்காரர் ரே பரெட்டோவின் ‘ஆசிட்’தான். 1968-ல் நியூயார்க்கின் ஃபானியா நிறுவனம் வெளியிட்டது. அந்தப் புகழில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே நியூயார்க்கில், மூன்றே வருடம் கழித்து, பியானோக்காரர் எடி பால்மியேரி ரூலெட் நிறுவனத்துக்காகச் செய்த ‘ஹார்லெம் ரிவர் டிரைவ்’ வந்த காலத்தில் கண்டுகொள்ளப்படவே இல்லை. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பால்மியேரியை எடுங்கள்.

‘ஆசிட்’டின் பலம் அதன் சிக்கனம். எட்டே உருப்படிகள். முன்னால் கோங்காவும் (கையால் தட்டும் உயரமான மேளம்) இரண்டு ட்ரம்பெட்டும், டிம்பாலெஸில் (குச்சியால் அடிக்கும் ஜோடி மேளம்) ஒரெஸ்தெஸ் விலாத்தோ, பேஸில் பாபி ரோட்ரிகஸ். தலைப்புப் பாட்டில் பேஸ் ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டே போக, மற்றவர்கள் அதன்மேல் ஒவ்வொருவராக ஏறி வருகிறார்கள். ‘எ டீப்பர் ஷேட் ஆஃப் சோல்’, ‘சோல் டிரம்மர்ஸ்’ இரண்டும் ஆங்கிலத்தில் பாடப்பட்டவை. ஸ்பானியப் பாட்டுகளோ பழைய நடன மேடைக்கே உரியவை. அதாவது சோல் தனியாக, லத்தீன் தனியாக, ஒரே தட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன.

பால்மியேரி அந்தச் சுவரை எடுத்துவிட்டார். தன் அண்ணன் சார்லியை ஆர்கனில் உட்கார வைத்தார். ட்ரம் செட்டுக்கு பெர்னார்ட் பர்டி, கிட்டாருக்கு கார்னெல் டுப்ரீ. அதே 1971-ல் சோல் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினுடன் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் மேடையில் வாசித்தவர்கள் இவர்கள் இருவரும். பாடியவர் ஜிம்மி நார்மன். மொத்தம் ஐந்தே பாட்டு. ‘ஐடில் ஹேண்ட்ஸ்’ சுமார் எட்டு நிமிடம். ‘புரோக்கன் ஹோம்’ பத்தைத் தாண்டும், மெதுவான, கனத்த ப்ளூஸ். பேசுவதெல்லாம் வேலையின்மையும் வறுமையும் உடைந்த குடும்பமும்தான். ஆங்கிலமும் ட்ரம் செட்டும் லத்தீன் வானொலிக்கு ஒட்டவில்லை, கோங்காவும் நீளமும் சோல் வானொலிக்கு ஒட்டவில்லை. அது அமுங்கிப்போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை என்பது எங்கள் கணிப்பு.

புதிதாகக் கேட்பவர் தடுமாறும் இடம் தாளம். லத்தீன் இசையின் முதுகெலும்பு க்ளாவே என்ற ஐந்து தட்டுச் சுழற்சி: இரண்டு அளவைப் பதினாறாகப் பிரித்து 1, 4, 7, 11, 13-ல் தட்டுங்கள், அதுதான் 3-2 சோன் க்ளாவே. சில பாட்டுகளில் பாதிகள் இடம் மாறி 2-3 ஆகவும் வரும். ‘ஆசிட்’டின் ஸ்பானியப் பாட்டுகளில் இதைத் தட்டிப் பார்த்தால் பிடிபடும். ‘ஐடில் ஹேண்ட்ஸ்’ஸில் இதையே தேடினால் குழம்புவீர்கள். அங்கே ஒவ்வொரு அளவையும் நான்காக எண்ணினால், அழுத்தம் பர்டியின் 2, 4-ல் விழுகிறது. முதல் தடவை ட்ரம்ஸை மட்டும் கேளுங்கள், அடுத்த தடவை கோங்காவை. ஒன்றின் இடைவெளியை இன்னொன்று நிரப்புவது அப்போதுதான் தெரியும்.

ஜோ பட்டானின் ‘ஜிப்ஸி வுமன்’ (1967) இன்னொரு போட்டியாளர். இளமையும் துள்ளலும் உண்டு, ‘ஆர்டினரி கை’ அருமை. ஆனால் முழுத் தட்டாக இந்த இரண்டின் கனம் அதற்கு இல்லை.

வாங்கும்போது: தொகுப்புகளில் நீளப் பாட்டுகளைக் கத்தரித்துப் போட்டிருக்கலாம், ஓடும் நேரத்தைச் சரிபாருங்கள். பழைய ரெக்கார்ட் என்றால் முதல் பாட்டை மட்டும் போட்டுக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். 33⅓ வேகத்தில் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடும் பள்ளம், உள்ளே 20-ஐ ஒட்டிக் குறைந்துவிடும். அதே ஒலி அங்கே நெருக்கியடித்துப் பதிவாகியிருப்பதால், தேய்ந்த ஊசி முதலில் கெடுப்பது அந்தப் பகுதியைத்தான். ‘ஹார்லெம் ரிவர் டிரைவ்’வின் இரண்டாம் பக்கம் ‘சீட்ஸ் ஆஃப் லைஃப்’போடு முடிகிறது. அதன் கடைசி ஒரு நிமிடத்தைப் போடச் சொல்லுங்கள். பித்தளை வாத்தியங்கள் கரகரத்தால், உறை அட்டை எவ்வளவு புதுசாக இருந்தாலும் வேண்டாம்.