திசு வளர்ப்புத் தேக்கு: கன்று நன்று, விற்பவர் பேச்சுத்தான் அதிகம்

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஒரு நாற்றுப்பண்ணையில், எங்கள் செம்மண் கொல்லையின் வரப்போரத்துக்காகத் திசு வளர்ப்புத் தேக்குக் கன்றுகள் வாங்கினேன். விதைக்கன்றைவிட விலை கூடுதல். அந்தக் கூடுதல் விலை எதற்காக என்பதைப் பார்த்துத்தான் பண்ணையை மதிப்பிட வேண்டும்.

தேக்கு பெரும்பாலும் அயல் மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பதால், ஒரே மரத்து விதையில் முளைத்தவைகூட ஒன்று நேராகவும் மற்றொன்று கோணலாகவும் வளரும். விதை முளைப்பதும் ஒழுங்காக இருக்காது. திசு வளர்ப்பில் அப்படியில்லை: தேர்ந்த தாய்மரத்தின் தளிர் மொட்டு ஒன்றை எடுத்து, கிருமி நீக்கி, குடுவையிலுள்ள ஊட்ட ஊடகத்தில் (சத்துக் கலவையில்) சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கி கொடுத்துத் தளிர்களைப் பெருக்கி, பின் ஆக்சின் என்ற இன்னொரு ஊக்கி கொடுத்து வேர்விடச் செய்தால், கிடைப்பவை அந்தத் தாயின் நகல்கள். முதிர்ந்த தேக்கிலிருந்தே இதைச் செய்யலாம் என்று புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தார் 1980-லேயே காட்டிவிட்டனர்.

இந்தப் பண்ணையில் மெச்சத்தக்கது கன்றைப் பழக்கும் விதம். குடுவைக்குள் வளர்ந்த இலையில் மெழுகுப்பூச்சு போதாது, இலைத்துளைகளும் சரிவர மூடுவதில்லை. அப்படியே வெயிலில் வைத்தால் வாடிவிடும். அதனால் நீர்த்திவலை தூவும் கூடத்திலும் நிழல்வலையிலும் படிப்படியாக வைத்திருந்து, திறந்தவெளியில் தேறிய பிறகே விற்கிறார்கள். ஒரு பையைக் கிழித்து வேரைக் காட்டச் சொன்னபோது முகம் சுளிக்காமல் காட்டினார்கள். அடியில் சுருண்டு கிடக்காமல் வேர் நன்கு பரவியிருந்தது. தண்டு நாற்பட்டையாகத் திடமாக நின்றது. இளந்தளிரைக் கசக்கியதும், தேக்குக்கு உரியபடி, விரலில் சிவப்பேறியது.

எந்தத் தாய்மரம் என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. “பர்மா ரகம்ண்ணே, பத்து வருசத்துல செட்டியார் வீட்டுத் தூணாட்டம் வந்துரும்” என்கிறார் விற்பனையாளர். அந்தத் தூண்களுக்குக் கப்பலில் வந்த மரம், காட்டில் பல பத்தாண்டுகள் நின்று வைரம் பாய்ந்தது. நீர் பாய்ச்சி விரைவில் பருக்கவைத்த பத்தாண்டு மரத்தில் வைரம் பாயாத வெள்ளைப் பகுதிதான் மிகுதியாக இருக்கும். எந்த ஆசாரியும் அறுத்த உடனே சொல்லிவிடுவார். கண்மாயை ஒட்டிய தாழ்வு நிலத்திலும் நடலாம் என்று விற்பனையாளர் சொன்னது அதைவிட மோசம், ஏனெனில் வேரடியில் நீர் தேங்கினால் தேக்கு தாங்காது.

தாய்மர விவரத்தை எழுத்தில் கொடுத்தால் இந்த விலை தகும். கொடுக்காதவரை வரப்புக்கு வாங்கலாம். தோப்பு வைக்க நினைப்பவர்கள் கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனத்தில் விசாரித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. வாங்குபவர்களுக்கு இன்னொன்று: வண்டியில் பைகளைப் படுக்கவைத்து ஏற்றுகிறார்கள்; பக்கத்தில் நின்று நிமிர்த்தி அடுக்கச் சொல்லுங்கள்.