கட்டத்தாளா, வாய்ச்சொல்லா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதில் வரும் வீரர்களாக ஆடும் மேசை விளையாட்டு அது; எங்கள் கூட்டத்தில் கதை சொல்வது நான். சண்டைக் காட்சி வந்தால் இரண்டு வழி: மேசையில் கட்டத்தாளை விரிப்பது, இல்லையென்றால் எல்லாவற்றையும் வாயால் சொல்லியே மனத்தில் காணவைப்பது.

கட்டத்தாளில் கணக்கு தெளிவு. ஒரு கட்டம் 5 அடி. 30 அடி வேகமுள்ள வீரன் ஒரு சுற்றில் 6 கட்டம் நகரலாம். 20 அடி ஆரமுள்ள தீப்பந்து மந்திரத்தை எறிந்தால் யார் சிக்கினார் என்ற சச்சரவே இல்லை. பூதங்களுக்குப் பொம்மை வாங்க வேண்டாம், பால்மரக் (ரப்பர் மரக்) கொட்டைகளே போதும்.

ஆனால் தாளை விரித்ததும் பேச்சு குறைந்துவிடும். எல்லாரும் கட்டம் எண்ணத் தொடங்குவார்கள். ஒருவர் முறை நீண்டால் மற்றவர் கை தானாகக் கைப்பேசிக்குப் போகும்.

வாய்ச்சொல்லின் பலமே வேறு. "விடியற்காலைப் பனி, பால்மர வரிசைக்கு நடுவே ஏதோ ஓடுகிறது" என்றால் போதும், தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு முதுகு சில்லிடும். ஒருமுறை ஒரு தம்பி, "அண்ணே, பால் வாளியை அவன் காலடியில் கவிழ்க்கிறேன், வழுக்கட்டும்" என்றான். நான் அந்த வாளியைப் பற்றிச் சொல்லவே இல்லை. அவன் மனத்தில் அது இருந்தது! கட்டத்தாளில் வரைந்திருந்தால் அந்த யோசனை பிறந்திருக்காது.

எதிரிகள் மூன்று நான்கு பேர் என்றால் நான் வாய்ச்சொல்லையே எடுப்பேன். கூட்டம் பெருகினால், அல்லது பாலம், ஆறு, மேடு என்று இடமே ஆயுதமானால், சரி, தாளை விரித்துவிடுவேன்.