ஜாங்கோ டேட்டாபேஸ் டாக்ஸில் பழைய பதிப்புக் குறிப்புகள் நீக்கம்: எல்டிஎஸ் பயனர் பார்வையில் ஓர் அனுபவப் பகிர்வு

கீழமாசி வீதி மொத்தக் கடைக்கு பில்லிங், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடைக்குக் கணக்கு என்று மதுரையில் சின்ன டீம்கள் ஜாங்கோவில் (பைத்தானில் வலைச் செயலிகள் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்) எழுதித் தரும் மென்பொருள்களுக்கு ஒரு பொது குணம் உண்டு. ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் சர்வரைத் தொட யாரும் விடமாட்டார்கள். சித்திரைத் திருவிழா சமயத்திலும் தீபாவளி நெருக்கத்திலும் கேட்கவே வேண்டாம். அதனால் எல்டிஎஸ் (நீண்ட காலம் ஆதரவு தரப்படும் பதிப்பு) விட்டு எல்டிஎஸ் தாவுவதுதான் நடைமுறை: 3.2, அடுத்து 4.2, இப்போது 5.2. இப்படித் தாவுகிறவர்களுக்கு ஜாங்கோவின் டேட்டாபேஸ் டாக்ஸ், அதாவது அதிகாரப்பூர்வ ஆவணப் பக்கங்கள், எப்படி இருக்கிறது என்பதே இந்தப் பகிர்வு.

டாக்ஸில் ஒவ்வொரு புது வசதிக்கும் கீழே ‘நியூ இன் ஜாங்கோ 5.1’ மாதிரி ஒரு வரி வரும். மாறிய வசதி என்றால் ‘சேஞ்ச்டு’ என்று வரும். இந்த வரிகள் நிரந்தரம் இல்லை. ஒவ்வொரு ரிலீஸிலும் இரண்டு ரிலீஸுக்கு முந்தைய குறிப்புகளை எடுத்துவிடுவது ஜாங்கோவின் வழக்கம். 4.2 டாக்ஸில் 4.0 குறிப்புகள் இருக்காது, 5.2 டாக்ஸில் 5.0 குறிப்புகள் இருக்காது.

படிக்கிறவருக்கு இது பெரிய நிம்மதி, அதில் சந்தேகமில்லை. டேட்டாபேஸ் பக்கம் ஏற்கெனவே போஸ்ட்கிரஸ், மரியாடிபி, மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட், ஆரக்கிள் என்று ஐந்து டேட்டாபேஸ்களின் வம்பையும் சுமக்கிறது. அதன்மேல் பத்து வருடக் குறிப்பும் ஏறினால் யார் படிப்பது?

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 4.2-இலிருந்து 5.2-க்குப் போகிறவர் 5.0, 5.1, 5.2 மூன்றின் மாற்றங்களையும் சேர்த்து வாங்குகிறார். 5.2 டாக்ஸ் அவருக்குக் காட்டுவது 5.1, 5.2 குறிப்புகளை மட்டும். நடுவில் 5.0 ஓசையில்லாமல் விழுந்துவிடுகிறது. ஃபீல்டுக்கு டேட்டாபேஸிலேயே டிஃபால்ட் வைக்கும் ‘டிபி_டிஃபால்ட்’ வந்தது 5.0-இல்தான். 5.2 பக்கத்தில் அது ஆதிகாலத்திலிருந்து இருப்பதுபோல நிற்கும். அதைப் பார்த்து 4.2 சர்வருக்கு மாடல் எழுதினால், தெரியாத கீவேர்ட் ஆர்க்யுமெண்ட் என்று டைப்எரர் வரும்.

அப்படிக் கத்துகிற பிழை நல்ல பிழை. 5.1-இல் வந்த போஸ்ட்கிரஸ் ‘பூல்’ ஆப்ஷனும் (திறந்த இணைப்புகளைச் சேர்த்து வைத்துப் பகிர்வது) அந்த ரகம்தான். 4.2-இல் அதைக் கொடுத்தால் கனெக்‌ஷனே கிடைக்காது. 5.1-இலும்கூட போஸ்ட்கிரஸோடு பேசும் பைத்தான் டிரைவரான சைக்கோபிஜி 3-ம் அதன் பூல் பேக்கேஜும் வேண்டும். இணைப்பை எத்தனை நொடி திறந்து வைப்பது என்று சொல்லும் ‘கான்_மேக்ஸ்_ஏஜ்’ பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடனே பிழை. எஸ்க்யூலைட்டின் ‘ட்ரான்ஸாக்‌ஷன்_மோட்’ ஆப்ஷனையும் பழைய பதிப்பு முகத்துக்கு நேராகவே மறுத்துவிடும்.

சத்தமே போடாததுதான் ஆபத்து. திறந்து வைத்த இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பயன்படுத்தும் முன் பார்க்கும் ‘கான்_ஹெல்த்_செக்ஸ்’ செட்டிங் 4.1-இல் வந்தது. 4.2 டாக்ஸில் அதற்குக் குறிப்பு உண்டு, 5.0-இலிருந்து கிடையாது. இன்னும் 3.2-இல் ஓடும் ஒரு பில்லிங் சர்வருக்கு, புது டாக்ஸைப் பார்த்து இதை ட்ரூ என்று போட்டால் பிழையும் வராது, பலனும் இருக்காது. டேட்டாபேஸ் செட்டிங்கில் தனக்குத் தெரியாத சாவியை ஜாங்கோ கண்டுகொள்வதில்லை. ‘கான்_மேக்ஸ்_ஏஜ்’ 600 வைத்து, கூனிகார்ன் வெப் சர்வரில் நான்கு சிங்க் வொர்க்கர் (ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்டை மட்டும் கவனிக்கும் புராசஸ்) ஓடுகிறது என்று வையுங்கள். ராத்திரி போஸ்ட்கிரஸை ரீஸ்டார்ட் செய்தால் கனெக்‌ஷன் பிடித்து வைத்திருந்த ஒவ்வொரு வொர்க்கரும் அடுத்த ரிக்வெஸ்டில் ஒருமுறை 500 (சர்வர் பிழை) கொடுக்கும். செத்த கனெக்‌ஷனை அந்தப் பிழைக்குப் பிறகுதான் மூடுகிறது. நான்கு பிழை, பிறகு எல்லாம் சரி. செட்டிங் இருக்கிறதே, ஏன் வந்தது என்று லாகைக் குடைந்துகொண்டே இருக்கலாம்.

இன்னொன்று, குறிப்பு இருந்தாலும் போதாத வகை. 5.0-இலிருந்து மரியாடிபி 10.7-இலும் அதற்கு மேலும் யூயூஐடி ஃபீல்டு (ஒவ்வொரு பதிவுக்கும் தனித்துவமான அடையாள எண் வைக்கும் ஃபீல்டு) டேட்டாபேஸின் சொந்த யூயூஐடி வகை நெடுவரிசையாக மாறியது. முன்பு 32 எழுத்து கேர் (char) நெடுவரிசை. உபுண்டு 22.04 தரும் மரியாடிபி 10.6. அதே மெஷினில் 5.2-க்குப் போனால் ஒன்றும் ஆகாது. சர்வரை 24.04-க்கு மாற்றினால் 10.11 வந்துவிடும். அப்போது ஜாங்கோ ஹைஃபன்களோடு 36 எழுத்தை அனுப்பும், பழைய நெடுவரிசையில் இருப்பதோ ஹைஃபன் இல்லாத 32. தேடினால் வரிசை கிடைக்காது, 404 வரும். புதிதாகச் சேர்த்தால் டேட்டா நீளம் அதிகம் என்று மறுக்கும். இதற்குத் தீர்வு 5.0 ரிலீஸ் நோட்ஸில் இருக்கிறது: யூயூஐடி ஃபீல்டை நீட்டி, டிபி டைப்பை கேர் 32 என்று வைத்து, மதிப்பை ஹைஃபன் இல்லாத ஹெக்ஸாக அனுப்பும் சிறிய சப்கிளாஸ். பழைய நெடுவரிசைகளுக்கும் அவற்றின் பழைய மைக்ரேஷன்களுக்கும் (டேபிள் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ஃபைல்கள்) அதைப் போட வேண்டும். ஓஎஸ் அப்கிரேடையும் ஜாங்கோ அப்கிரேடையும் ஒரே ராத்திரியில் செய்யாதீர்கள் என்று சொல்ல இது ஒன்றே போதும்.

இதே வழக்கத்தைத் தங்கள் சொந்த புராஜெக்ட் டாக்ஸில் பின்பற்றுகிறவர்கள் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியது இரண்டு கடிகாரங்களை. ஃபிரேம்வொர்க் பதிப்பைச் சொல்லும் குறிப்பு ஒன்று, டேட்டாபேஸ் பதிப்பைச் சொல்லும் குறிப்பு மற்றொன்று. முன்னது ரிலீஸ் கணக்கில் போகும். பின்னது, குறைந்தபட்ச ஆதரவுப் பதிப்பு உயரும்போது மட்டும் போக வேண்டும். ஜாங்கோ 5.2-க்குக் குறைந்தபட்சம் போஸ்ட்கிரஸ் 14. ஆகவே ‘போஸ்ட்கிரஸ் 14-உம் அதற்கு மேலும்’ என்ற நிபந்தனைக்கு அங்கே அர்த்தமில்லை, எடுத்துவிடலாம். மரியாடிபிக்குக் குறைந்தபட்சம் 10.5 என்பதால் ‘10.7-உம் அதற்கு மேலும்’ என்ற வாசகம் இருந்தே ஆக வேண்டும். கிட்டில் உள்ள ஃபைல்களுக்குள் சொல் தேடும் ‘கிட் கிரெப்’பில் எண்ணை மட்டும் தேடி மொத்தமாக அழித்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும்.

‘நியூ’ குறிப்பை அழிப்பது எளிது. ‘சேஞ்ச்டு’ குறிப்பை அப்படியே அழிக்கக் கூடாது. புதிய நடத்தை மேலே உள்ள பத்தியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அந்த விஷயத்தைப் பத்திக்குள் ஏற்றிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். குறிப்புக்குள் வேறு பக்கங்கள் சுட்டும் லேபிள் இருந்தால், அழித்ததும் வேறு பக்கத்து இணைப்பு அறுந்துபோகும். டாக்ஸை உருவாக்கும் கருவியான ஸ்ஃபிங்ஸின் பில்டை எச்சரிக்கைகளையும் பிழையாக எடுக்கும் ஆப்ஷனோடு ஓட்டினால் அங்கேயே பிடிபடும்.

டாக்ஸைப் பயன்படுத்துகிறவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. புக்மார்க்கில் ‘ஸ்டேபிள்’ என்று இருக்கும் இடத்தில் உங்கள் சர்வரின் பதிப்பு எண்ணைப் போடுங்கள், 4.2 டாக்ஸ் அதன் குறிப்புகளோடு அப்படியே இருக்கிறது. அப்கிரேடுக்கு முன் பழைய பதிப்பிலேயே, எல்லா எச்சரிக்கையையும் காட்டும்படி பைத்தானிடம் சொல்லி டெஸ்ட்களை ஓட்டுங்கள். 5.1-இல் நீக்கப்பட்ட ‘இண்டெக்ஸ்_டுகெதர்’ போன்றவை 4.2-இலேயே எச்சரிக்கும். யூயூஐடி விவகாரம் எச்சரிக்காது. அதற்கு 5.0, 5.1, 5.2 ரிலீஸ் நோட்ஸ் மூன்றிலும் ‘பேக்வர்ட்ஸ் இன்கம்பாட்டிபிள்’ பகுதியை உட்கார்ந்து படிப்பதைத் தவிர வழியில்லை. ரிலீஸ் நோட்ஸை மட்டும் ஜாங்கோ கத்தரிப்பதில்லை. 0.95 வரைக்கும் இன்னும் அங்கேயே கிடக்கிறது.