ஏற்றுமதிப் பயிற்சிக்கு 18,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன்: சிறுதொழில் செய்வோர் கவனத்திற்கு

திண்டுக்கல்லில் இட்லிப் பொடி, எள்ளுப் பொடி அரைத்து விற்கும் சிறுதொழில் என்னுடையது. 99 ரூபாய்க்கு இணையவழி ஏற்றுமதி வகுப்பு என்ற விளம்பரத்தைக் கண்டு சென்ற ஆண்டு சேர்ந்தேன். அந்த இரண்டு மணி நேரத்தில் ஏற்றுமதியைப் பற்றிச் சொன்னதைவிட, 40,000 ரூபாய் மதிப்புள்ள மூன்று மாதப் பயிற்சி இன்றிரவு மட்டும் 18,000 ரூபாய் என்று சொன்னதே அதிகம். திரையோரத்தில் "நானும் கட்டிவிட்டேன்" என்று வரிசையாக வந்த செய்திகளைப் பார்த்து நானும் கட்டினேன். பணம் ஒரு தனிநபரின் யுபிஐ கணக்குக்குப் போனதையும், ஜிஎஸ்டி எண்ணுடன் ரசீது வராததையும் அப்போது பொருட்படுத்தவில்லை.

எல்லாம் நேரலை என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் மாலை 7 மணிக்குத் தொடங்கிய முதல் வகுப்பில், பயிற்சியாளருக்குப் பின்னால் மாட்டியிருந்த சுவர்க்கடிகாரம் 11.20 காட்டியது, பக்கத்து ஜன்னலில் நல்ல வெயில். எள்ளுப் பொடியை வெளிநாட்டுக்கு அனுப்ப என்ன பரிசோதனைச் சான்று வேண்டும், உறையில் எவற்றை அச்சிட வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் மூன்று முறை கேட்டேன். அவை 45,000 ரூபாய் கட்டணமுள்ள அடுத்த நிலைப் பயிற்சியில் வரும் என்பதே பதிலாக இருந்தது.

பிடிக்காவிட்டால் ஏழு நாளில் பணம் திருப்பித் தரப்படும் என்ற உறுதியும் இருந்தது. அந்த ஏழு நாளைப் பணம் கட்டிய தேதியிலிருந்து எண்ணினார்கள். முதல் வகுப்பு நடந்ததோ ஒன்பதாம் நாள்.

இதற்கு மேல், சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவும், வெளிநாட்டுக்குப் பொருள் அனுப்பத் தேவையான ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணும் வாங்கித் தர 6,500 ரூபாய் கேட்டார்கள். நல்லவேளையாக, அதைக் கட்டும் முன் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்தேன். உத்யம் பதிவுக்கு அரசு இணையதளத்தில் கட்டணமே இல்லை. குறியீட்டு எண்ணுக்கு வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 500 ரூபாய்தான்.

இணையவழிப் பயிற்சி எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. உங்கள் தொழிலில் இன்று சிக்கிக்கொண்டு நிற்கும் ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு, அதை அறிமுக வகுப்பிலேயே கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாதவரிடம் பணம் கட்டாதீர்கள். வகுப்பு நேரலையா பதிவா, பணம் திரும்பும் காலக்கெடு எந்த நாளிலிருந்து தொடங்கும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் கொடுத்தபோது முதலில் கேட்டது ரசீதைத்தான். என்னிடம் இருந்தவை யுபிஐ பரிவர்த்தனை எண்ணும், கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த விளம்பரப் படமும் மட்டுமே. அவற்றைக் கொண்டு புகார் பதிவாகியிருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை.