நெல்லையில் சி.பி.சி. எடுக்கும்போது

விடுமுறைக்கு ஊர் வந்தால் அப்பா அம்மாவை 'ஃபுல் செக்கப்'புக்குக் கூட்டிப்போய்விட்டுத்தான் விமானம் ஏறுவது என்று ஆகிவிட்டது. மேலப்பாளையம், கடையநல்லூர் கல்ஃப்காரர்கள் முதல் லண்டன்காரர்கள் வரை இதே கதைதான். வண்ணார்பேட்டையிலும் பாளையிலும் லேப்புக்குப் பஞ்சமில்லை. காலையில் ரத்தம் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்துவிடுகிறது. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதில் வரும் சி.பி.சி. தாளை, அதாவது ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கையைப் படிப்பதில்தான் தடுமாற்றம்.

முதலில் அலகு. வெளிநாட்டு ரிப்போர்ட்டில் வெள்ளணு 7.2 என்று பார்த்துப் பழகியவர், இங்கே 7,200 என்று கண்டதும் திகைப்பார். இரண்டும் ஒன்றுதான், ஆயிரத்தால் பெருக்கினால் சரி. பெரியவர்களுக்கு ஒரு கன மில்லிமீட்டரில் 4,000 முதல் 11,000 வரை சாதாரணம். அடுத்து வகைப்பிரிவு, அதாவது வெள்ளணுவின் ஐந்து வகையில் எது எத்தனை சதவீதம் என்பது. சின்ன லேப்களில் இன்றும் 'டி.சி.: பி 62, எல் 29, இ 7, எம் 2' என்று ஒரே வரியில் எழுதித் தருகிறார்கள். பி என்பது பாலிமார்ஃப், அதாவது நியூட்ரோஃபில். எல் லிம்போசைட், இ ஈசினோஃபில், எம் மோனோசைட். பேசோஃபில் நூற்றுக்கு ஒன்றுகூட இருக்காது, அதனால் பல தாள்களில் அதற்கு இடமே இல்லை.

இந்தச் சதவீதத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள், மீதிப் பேர் பயப்பட வேண்டிய இடத்தில் சும்மா இருக்கிறார்கள். காய்ச்சலில் ஒருவருக்கு வெள்ளணுவின் டோட்டல் கவுண்ட் 3,200, நியூட்ரோஃபில் 34, லிம்போசைட் 58 என்று வைத்துக்கொள்வோம். தாளில் லிம்போசைட் தடித்த எழுத்தில் 'அதிகம்' என்று நிற்கும். பெருக்கிப் பாருங்கள்: 3,200-இல் 58 சதவீதம் 1,856. அது சாதாரண அளவுதான், லிம்போசைட் கூடவே இல்லை. குறைந்திருப்பது நியூட்ரோஃபில்: 1,088. அது 1,500-க்குக் கீழே போனால் குறைவு. 500-க்குக் கீழே போய்க் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அவசரம். தைராய்டுக்குக் கார்பிமசோலோ, மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டோ சாப்பிடுபவருக்குத் தொண்டைவலியோடு காய்ச்சல் வந்தால் இந்த ஒரு எண்ணுக்காகவே உடனே சி.பி.சி. எடுக்க வேண்டும்.

மெஷினையும் விசாரிக்க வேண்டும். 'த்ரீ பார்ட்' மெஷின் வெள்ளணுக்களை அளவை வைத்து மூன்று கூட்டமாகத்தான் பிரிக்கும். ஈசினோஃபில், மோனோசைட், பேசோஃபில் மூன்றும் 'மிட்' என்ற ஒரே பெட்டியில் விழும். ஐந்தையும் தனித்தனியே பிரிப்பது 'ஃபைவ் பார்ட்'. ஆஸ்துமாக்காரருக்கும் அலர்ஜிக்காரருக்கும் த்ரீ பார்ட் ரிப்போர்ட்டால் பிரயோசனம் குறைவு. எந்த மெஷினாக இருந்தாலும் எண் விபரீதமாக வந்தால் ஸ்மியர் போட்டு, அதாவது ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லியதாக இழுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்ல வேண்டும். பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியானால் மெஷின் அதைச் சில சமயம் வெள்ளணு என்றே எண்ணிவிடும். பிளேட்லெட் இல்லாத குறைவாகவும், வெள்ளணு இல்லாத அதிகமாகவும் தெரியும்.

நாங்குநேரி, திசையன்விளை, களக்காடு பக்கம் பல இடங்களில் இருப்பது லேப் அல்ல, ரத்தம் எடுக்கும் இடம் மட்டும். உட்காருவதற்கு முன்னால் கேட்டுவிடலாம்.

"ஏம்மா, மெஷின் இங்கேயே இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி, சாயங்காலம் பெட்டி திருநெல்வேலிக்குப் போவும்."

இப்படிப் பதில் வந்தால் பெட்டி கிளம்பும் நேரத்தை ஒட்டிப் போய்க் கொடுப்பது நல்லது. ரத்தம் எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஸ்மியர் இழுத்தால்தான் அணுக்களின் உருவம் கெடாது. சித்திரை வெயிலில் பைக் பையில் பகல் முழுக்கச் சுற்றிய குழாயை நம்பி எதையும் முடிவு செய்யக்கூடாது. ஊதா மூடி போட்ட, ரத்தம் உறையாமல் காக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் கோடு வரை ரத்தம் விட்டு, எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக்கூடாது. கூட்ட நேரத்தில் ஒரே ஒரு ஆட்டு ஆட்டி ஸ்டாண்டில் செருகிவிடுவார்கள். உள்ளே சின்னக் கட்டி விழுந்தால் எண் முழுவதும் பிசகும். சி.பி.சி.க்கு வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் பெரியவர்களைப் பட்டினியாக வரச் சொல்கிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வருபவர்கள் டெங்குவை நினைவில் வைக்க வேண்டும். எல்லோரும் பிளேட்லெட்டையே கேட்கிறார்கள், ஆனால் முதலில் சரிவது பெரும்பாலும் வெள்ளணு. பிளேட்லெட் அதற்குப் பின்னால்தான் இறங்கும். டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 சோதனை முதல் ஐந்து நாளுக்கு, உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். அதற்கு அப்புறம். அதனால் காய்ச்சல் தொடங்கிய தேதியை லேப் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். டைஃபாய்டிலும் கவுண்ட் ஏறாமல் குறையலாம். வயலில் இறங்கியவருக்கு வரும் எலிக்காய்ச்சலில் பெரும்பாலும் நியூட்ரோஃபில் ஏறும்.

நம் ஊரில் 'ஈஸ்னோபீலியா' என்பது தும்மலுக்கும் இளைப்புக்கும் வைத்த பேர். உண்மையில் அது ஒரு கவுண்ட், நோய் அல்ல. 500-க்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும்: அலர்ஜி, மருந்து, வயிற்றுப் பூச்சி. ராத்திரி இருமலோடு 3,000-ஐத் தாண்டினால் யானைக்கால் புழுவுக்கு உடல் காட்டும் எதிர்ப்பாக இருக்கலாம். அதற்கு மூன்று வார டி.இ.சி. மாத்திரை உண்டு. வெறுங்காலோடு மண்ணில் நடந்து பழகியவருக்கு ஈசினோஃபில் கூடியிருந்தால், பூச்சி இருக்கிறதா என்று பாராமல் ஸ்டீராய்டு கொடுப்பது ஆபத்து. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற புழு உடம்பெல்லாம் பரவிவிடும்.

ஸ்டீராய்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. முந்தின நாள் பக்கத்துக் கிளினிக்கில் 'ஒரு ஊசி' போட்டுக்கொண்டு வந்த பெரியவருக்கு, கிருமி இல்லாமலே கவுண்ட் 15,000 காட்டும், ஈசினோஃபில் சுழியாகும். என்ன ஊசி என்று கேட்காமல் ஆன்டிபயாடிக் எழுதுவதும் நடக்கிறது.

தெம்பாக நடமாடும் எழுபது வயதுக்காரருக்கு லிம்போசைட் 5,000-ஐத் தாண்டி மூன்று மாதமாக இறங்கவில்லையென்றால் சி.எல்.எல். என்ற மெதுவான ரத்தப் புற்றா என்று, அணுக்களின் வகையைக் கண்டறியும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனையில் பார்க்க வேண்டும். பலருக்கு உடனே மருந்துகூடத் தேவைப்படாது, கவனித்து வந்தால் போதும். கவுண்ட் 50,000, ஒரு லட்சம் என்று ஏறி மண்ணீரலும் வீங்கியிருந்தால் சி.எம்.எல். என்ற இன்னொரு வகை ரத்தப் புற்றாக இருக்கலாம்; அதற்கு இமாட்டினிப் மாத்திரை இருக்கிறது. ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுப் போட்டு இதைக் காட்டலாம். காலையிலேயே போய்விட வேண்டும்.

ரிப்போர்ட்டில் பேர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பார்த்துவிடுங்கள். இனிஷியல் இடம் மாறியிருந்தால் வெளிநாட்டில் இன்ஷூரன்ஸ்காரன் திருப்பி அனுப்பிவிடுவான், ஸ்மியர் ஸ்லைடைக் கேட்டு வாங்கும்போதும் அதே பேர்தான் ஒட்டியிருக்க வேண்டும்.