வீட்டைச் சுற்றும் தெருப்பூனைகள்: விரட்டுவதா, பாசாரில் (சந்தையில்) விடுவதா, கருத்தடையா?

கோலாலம்பூரில் டெரஸ் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையை விளக்கத் தேவையில்லை. கார் பானட்டில் கால்தடம், செருப்பு அடுக்கில் மூத்திர நாற்றம், துளசித் தொட்டியில் கிளறிய மண், நடுராத்திரியில் கூரைமேல் சண்டை. செந்தூலோ கெப்போங்கோ செராஸோ, பின்சந்தில் நாலைந்து பூனைகளாவது இருக்கும். அக்கம்பக்கத்திலும் ஆளுக்கொரு கருத்து: ஒருவர் சோறு வைப்பார், ஒருவர் தண்ணீர் ஊற்றி விரட்டுவார், இன்னொருவர் யாராவது வந்து பிடித்துப் போனால் போதும் என்பார்.

இந்த வழிகளை ஒப்பிடும்போது நான் முக்கியமாகப் பார்ப்பது ஒன்றுதான்: ஆறு மாதம் கழித்து அந்தச் சந்தில் எத்தனை பூனைகள் இருக்கும்? பெண் பூனை நாலைந்து மாத வயதிலேயே சினைப்படலாம். சினைக்காலம் ஒன்பது வாரம். ஓர் ஈற்றுக்கு நாலு குட்டி சர்வசாதாரணம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடித்துவிடும். குளிர்நாடுகளில் பகல் குறையும் மாதங்களில் பூனைக்குப் பருவம் வராது. நமக்கோ வருஷம் முழுக்கப் பகல் கிட்டத்தட்ட ஒரே அளவு, அதனால் இங்கே அதற்கு ஓய்வே கிடையாது. இந்தக் கணக்கைத் தொடாத எந்த வழியும் தற்காலிகம்தான்.

விரட்டும் வழிகள்

நம் தாமான்களில் (குடியிருப்புகளில்) வேலி ஓரமாகத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்களை வரிசையாக வைத்திருப்பார்கள். பூனை அதைச் சுற்றிக்கொண்டு போய்த் தன் வேலையைப் பார்க்கும். அதைவிட மோசம் அந்துருண்டை. அது பூனைக்கு நஞ்சு. தவழும் குழந்தை எடுத்து வாயில் போட்டாலும் ஆபத்து. எலுமிச்சைத் தோல், காப்பித் தூள் எல்லாம் ஒரு மழை வரும்வரைதான், நம் ஊரில் அது அன்று மாலையே வந்துவிடும்.

உருப்படியாக வேலை செய்பவையும் உண்டு. செடித்தொட்டி மண்ணுக்கு மேலாகக் கோழிவலையைப் பதித்து, மேலே கொஞ்சம் கூழாங்கல் போட்டால் பூனையால் கிளற முடியாது. குப்பைத்தொட்டிக்கு இறுக்கமான மூடி வேண்டும். அசைவைக் கண்டு தண்ணீர் பீய்ச்சும் தெளிப்பான், தோட்டம் உள்ள வீட்டுக்கு நல்ல பலன் தரும். மூத்திரம் அடித்த இடத்தை குளோராக்ஸ் ஊற்றிக் கழுவுவதைவிட, செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் நொதி கலந்த கிளீனரால் கழுவுவது மேல். வாடை முழுதாகப் போகாவிட்டால் அதே இடத்துக்குத் திரும்ப வரும். ஆனால் இவை காப்பாற்றுவது உங்கள் வாசலை மட்டும்தான். பூனை பக்கத்து வீட்டுக்குப் போகும், அங்கே குட்டி போடும்.

கொண்டுபோய் விடுவது

"பாசார்ல விட்டுடுங்க தம்பி, மீன் தலையைத் தின்னு பிழைச்சுக்கும்." எங்கள் பக்கத்து அக்கா ஒருவர் மனதாரச் சொன்னது இது, கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. இரக்கத்தோடு செய்யும் காரியம்தான் என்பதால்தான் இது எனக்கு அதிகம் வலிக்கிறது. செலாயாங் மொத்தச் சந்தை மாதிரி இடத்தில் ஏற்கெனவே பூனைகள் இடம் பிடித்து வைத்திருக்கும். புதிதாக இறக்கிவிட்ட பூனைக்கு எங்கே ஒளிவது, எந்த வழியாக ஓடுவது என்று எதுவும் தெரியாது. கடிபடும், லாரிக்கு அடியில் போகும். தாயைப் பிரிந்த குட்டி பெரும்பாலும் பிழைக்காது. இங்கே நம் சந்திலும் இடம் காலியாகவே இருக்காது. குப்பையும் மாமாக் உணவுக்கடை எச்சமும் இருக்கும்வரை அடுத்த சந்துப் பூனை வந்து உட்காரும், அது பெண்ணாக இருந்தால் மூன்று மாதத்தில் பழைய கணக்கே திரும்பும்.

விஷம் வைப்பதைப் பற்றி ஒரே வரி: அது குற்றம். விலங்குநலச் சட்டம் 2015, விலங்கு வதைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ, மூன்று ஆண்டுவரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது.

நகராண்மையிடம் புகார் செய்வதும் காப்பகத்தில் ஒப்படைப்பதும் கொண்டுபோய் விடுவதைவிட ஒழுங்கான வழிகள். வண்டியில் அடிபட்ட பூனை, நோயால் நடக்க முடியாத பூனை என்றால் தயங்காமல் உதவி கேளுங்கள். ஆனால் ஆளைக் கண்டாலே சீறும், பழக்கமே இல்லாத வளர்ந்த பூனையை யாரும் தத்தெடுக்க மாட்டார்கள். கோலாலம்பூர், பினாங்கு காப்பகங்களில் இடநெருக்கடி ஓய்வதே இல்லை. அப்படிப்பட்ட பூனையை ஒப்படைத்தால் முடிவு என்னவாக இருக்கக்கூடும் என்பதைத் தெரிந்துகொண்டே ஒப்படைக்க வேண்டும்.

சோறு மட்டும் வைப்பது

இதைச் செய்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பசிக்கிற உயிருக்குப் போடுவது நல்ல மனம். ஆனாலும், கருத்தடை இல்லாமல் சோறு மட்டும் வைத்தால் குட்டிகள் பெருகும். பெருகிய குட்டிகளில் பாதியைச் சளியும் வயிற்றுப்போக்கும் கொண்டுபோகும். தட்டில் மிஞ்சியது ராத்திரி எலிக்குத் தீனி. அண்டை வீட்டாரின் கோபம் சோறு வைப்பவர்மேல் திரும்பி, கடைசியில் பூனைமேல் விடியும். வைப்பதானால் தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரைமணி நேரத்தில் தட்டைக் கழுவி எடுத்துவிடுங்கள். அடுத்த வழிக்கு இந்தப் பழக்கம்தான் அடிப்படை.

பிடித்து, கருத்தடை செய்து, திரும்ப விடுவது

டிஎன்ஆர் என்று சொல்கிறார்களே, அது இதுதான். எனக்கு இதில்தான் நம்பிக்கை. பூனை அதே சந்தில் இருக்கும், தன் இடத்தைக் காக்கும், புதுப் பூனை எளிதில் நுழைய விடாது; ஆனால் குட்டி போடாது. கடுவன்களின் சண்டையும், சுவரில் மூத்திரம் அடிப்பதும், ராத்திரிக் கத்தலும் சில வாரங்களில் வெகுவாகக் குறையும்.

தொட விடும் பூனையைக் கூடையில் வைத்தே கொண்டுபோகலாம். தொடவே விடாததற்குத்தான் பொறிக்கூண்டு. மீட்புக் குழுக்களிடம் இரவல் கேட்டுப் பாருங்கள். சில நாள் கூண்டின் கதவைக் கயிற்றால் தூக்கிக் கட்டிவிட்டு, வழக்கமான சோற்றை உள்ளேயே வையுங்கள். கம்பி காலில் பட்டால் பூனை பின்வாங்கும், அதனால் அடியில் செய்தித்தாள் விரிக்க வேண்டும். பிடிக்கும் நாளுக்கு முந்தைய இரவு எந்த வீட்டிலும் சோறு வைக்கக் கூடாது. இதை அக்கம்பக்கத்தில் சொல்லி வைக்காவிட்டால் ஒரு தட்டுச் சோற்றில் திட்டம் கெட்டுப்போகும். மறுநாள் டின் சார்டின் கொஞ்சத்தை மிதித்தால் கதவு விழும் பலகைக்கு அப்பால், கூண்டின் கடைசி மூலையில் வையுங்கள். கதவு விழுந்ததும் பூனை கம்பியில் மோதித் துள்ளும். உடனே ஒரு பழைய கைலியை முழுக் கூண்டின்மேலும் போர்த்துங்கள். இருட்டானதும் அது அடங்கிவிடுவதைக் கண்ணால் பார்க்கலாம். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

மருத்துவமனையில் முன்கூட்டியே நாள் வாங்கி, 'தெருப்பூனை, திரும்ப விடப்போகிறேன்' என்று சொல்லுங்கள். தானே கரையும் தையல் போடுவார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே காதின் நுனியில் சிறிது நேராக வெட்டிவிடவும் சொல்லுங்கள். தூரத்திலிருந்து பார்த்தாலே கருத்தடை ஆனது என்று தெரியும். அதே பெண் பூனையை இன்னொருவர் பிடித்து மறுபடி வயிற்றைக் கிழிக்கும் கொடுமை நடக்காது. கடுவனை ஒரு நாள், பெண்ணை இரண்டு மூன்று நாள் கூண்டில் வைத்துப் பார்த்துவிட்டு, பிடித்த அதே இடத்தில் விட வேண்டும். வேறு இடத்தில் விட்டால் அதுவும் பாசாரில் விட்டது மாதிரிதான்.

செலவுதான் பலரை யோசிக்க வைக்கிறது. வயிற்றைத் திறக்க வேண்டியிருப்பதால் பெண்ணுக்குக் கட்டணம் கூடுதல். சிலாங்கூர் எஸ்பிசிஏ (விலங்குவதைத் தடுப்புச் சங்கம்) நடத்தும் 'கிளினிக் கெம்பிரி' குறைந்த கட்டணத்தில் இதற்காகவே இயங்குகிறது. பினாங்கில் இருப்பவர்கள் அங்குள்ள எஸ்பிசிஏவிடம் விசாரித்துப் பார்க்கலாம். நாலு வீடு சேர்ந்து பகிர்ந்தால் சுமை தெரியாது. மலாய்க்கார அண்டை வீட்டாரில் பலர் பூனைமேல் உயிரையே வைத்திருப்பவர்கள், ஆனால் கருத்தடை பாவமாகுமோ என்று தயங்குவார்கள். நன்மை கருதிச் செய்தால் அது அனுமதிக்கப்பட்டதே என்று தேசிய பத்வா குழு சொல்லியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட மாக்சிக் (மலாய் அம்மா) ஒருவர்தான் எங்கள் சந்தில் முதலில் பணம் தந்தார்.

குறைகளும் உண்டு. ஒரு பெண்ணைத் தவறவிட்டாலும் வேலை பின்னுக்குப் போகும். யாராவது புதிதாகக் கொண்டுவந்து விட்டால் கூண்டை மறுபடி எடுக்க வேண்டும். எண்ணிக்கை குறைய வருஷங்கள் ஆகும். அதுவரை சிட்டும் ஓணானும் பூனை வாயில் போவதை இந்த வழியால் தடுக்க முடியாது. அதனால்தான் வலை, மூடி, தெளிப்பான் எல்லாம் இதோடு சேர்த்தே வேண்டும் என்கிறேன்.

உடல்நலம் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூக்கிலோ காதிலோ ஆறாத புண் உள்ள பூனை கீறினால், ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்று வரலாம். மலேசியாவில் இது பெரும்பாலும் பூனை வழியாகவே வருகிறது. கீறிய இடத்திலிருந்து கை நெடுகக் கட்டிகள் வரிசையாகக் கிளம்பினால், பூனை கீறியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தோட்டமண்ணில் பூனை மலம் கலந்திருக்கலாம் என்பதால், கர்ப்பிணிகள் அதைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

குட்டிகள் விஷயம் வேறு. இரண்டு வாரத்திலிருந்து ஏழெட்டு வாரத்துக்குள் மனிதக் கை பழகிய குட்டி வீட்டுப் பூனையாகிவிடும், தத்துக் கொடுக்கலாம். அந்த வயது தாண்டிவிட்டால் டிஎன்ஆர்தான் அதற்கும் நல்லது.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்றால், பெண் பூனைகளிலிருந்து. பிடிபட்டது பால் கொடுக்கும் தாய் என்று தெரிந்தால், குட்டிகள் எங்கே இருக்கின்றன என்று முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அதை அன்றைக்கு அங்கேயே விட்டுவிட்டு, குட்டிகள் வெளியே வந்து சோறு தின்னத் தொடங்கியதும் மறுபடி கூண்டு வையுங்கள். ஆனால் ரொம்ப நாள் தள்ளாதீர்கள், அதற்குள் அடுத்த சினை பிடித்திருக்கும்.